மூன்று புள்ளடி

பெப்ரவரி 2, திங்கள்

எங்கள் ஆசிரியர் ஒகாஃபோர் சேர் இன்று குடியியல் பாடத்துக்கு வேலை தந்தார். ஒவ்வொருவரும் ஒரு மத்திய தேர்தல் தொகுதியை எடுத்து, அது உருவான காலத்திலிருந்து யார் யாருக்கு வாக்களித்து வந்திருக்கிறது என்று பெரிய அட்டையில் காட்ட வேண்டும். மற்றவர்கள் தூரத்துத் தொகுதிகளாகக் கேட்டு வாங்கினார்கள். எனக்கு எங்கள் தொகுதியே வந்தது. ரோவன்ஹில் கிழக்கு.

வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை. மேல்வீட்டுக் குலேந்திரன் மாமா எம்.பி. ஆகப் போகிறார். அவர் வீடு விற்கும் முகவர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே எங்கள் பகுதியில் எந்த பஸ் தரிப்பிடத்து வாங்கிலும், சாய்மானப் பலகையில், விளம்பரமாக அவருடைய சிரித்த முகம் இருக்கும். அந்த முகத்தில் சாய்ந்துகொண்டுதான் நான் பள்ளிக்கு பஸ் பிடிக்கிறேன். அவருடைய வீட்டின் பேஸ்மென்ட்டில் அம்மாவும் நானும் நாலு வருடமாக இருக்கிறோம்.

இதைப் போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கேட்காமல் தாள் திருப்ப வேண்டும். அவர் இன்னும் தூங்கவில்லை. மூச்சிலிருந்து தெரிகிறது.

பெப்ரவரி 4, புதன்

நூலகத்தில் பழைய முடிவுகளைப் பார்த்தேன். முதலில் இங்கே வீடுகளே இல்லை. சோளவயலும் பால் பண்ணையும்தான். பிறகு வயலை வெட்டி வெட்டி வீடு கட்டினார்கள். ஆட்கள் கூடினதும் பெரிய தொகுதியிலிருந்து இதைப் பிரித்தார்கள். அன்றிலிருந்து ஒரே கட்சிதான் வெல்கிறது. கட்சிப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன், யாராவது எடுத்து வாசித்தால் வம்பு. முதற்கட்சி, மற்றக்கட்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு முறை மட்டும் முதற்கட்சி தோற்றிருக்கிறது. அந்த வருடம் யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள்ளேயே சண்டை. கோபித்துக்கொண்டு பாதிப்பேர் வாக்களிக்கப் போகவில்லை என்று பழைய பத்திரிகையில் இருந்தது.

ஆக, இங்கே முதற்கட்சி யாரை நிறுத்துகிறதோ அவர்தான் எம்.பி. இப்போதுள்ள எம்.பி. ஓய்வு பெறுகிறார். புதியவரைத் தெரிவு செய்யும் கூட்டம், நொமினேசன் என்கிறார்கள், மார்ச் முதலாம் திகதி. அதில் கட்சி உறுப்பினர்கள் மட்டும் வாக்களிக்கலாம். உறுப்பினராகப் பதினாலு வயது போதும், குடியுரிமையும் தேவையில்லை. அம்மாவுக்கும் எனக்கும் நாட்டின் தேர்தலில் வாக்கு இல்லை, ஆனால் இதில் இருக்கிறது. மாமா எங்களை இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவிட்டார். அம்மா வேலை முடிந்து வந்து ஃபோனில் கதைத்துக் கதைத்து அவருக்காக எத்தனையோ வயதானவர்களைச் சேர்த்திருக்கிறார்.

ஒவ்வொரு வருட முடிவுக்கும் அடியில் செல்லாத வாக்குகள் என்று ஒரு எண் இருக்கிறது. அதை அட்டையில் போட வேண்டுமா என்று சேரிடம் கேட்டேன். இடம் போதாவிட்டால் விட்டுவிடலாம் என்றார்.

பெப்ரவரி 7, சனி

அப்பா வவுனியாவிலிருந்து ஃபோன் எடுத்தார். குடிவரவு அலுவலகத்தில் அவருடைய கோப்பு இன்னும் அசையவில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே மாமா தன் கொத்திலிருந்த திறப்பால் எங்கள் கதவின் பூட்டைத் திறந்து இறங்கி வந்தார். அம்மாவின் கையிலிருந்த ஃபோனை வாங்கி அவரே அப்பாவோடு கதைத்தார்.

“சிவநேசன், ஒண்டுக்கும் யோசியாதை. நான் எம்.பி.யா வந்தா மூண்டே மாசம். எயார்போட்டுக்கு நானே வந்து உன்னை ஏத்துவன்.”

அப்பா அழுதுவிட்டார். உங்களைத்தான் அண்ணை நம்பியிருக்கிறம் என்றார். மாமா ஃபோனைத் திருப்பித் தரும்போது அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களைத் தன் கையால் மூடிவிட்டார். ஃபோன் விழாமல் இருக்கத்தான்.

பெப்ரவரி 10, செவ்வாய்

ஹீற்றர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் நான் பள்ளியால் வந்தபோது அம்மா பனிக்காலக் கோட்டைப் போட்டு, சிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் நின்று மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 11, புதன்

பட்மின்ரனை விட்டுவிட்டு, பள்ளி முடிந்ததும் நேரே வரட்டாம், அம்மா சொன்னார். ஏன் என்று கேட்டேன். இருட்டி விடுகிறது என்றார். போன வருடமும் இதே நேரத்துக்குத்தான் இருட்டியது.

இப்போது இரவில் அம்மா சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்துக் கதவின் கைபிடிக்குக் கீழே முட்டுக் கொடுத்து வைக்கிறார். காலையில் நான் எழுமுன் திரும்பவும் மேசைக்குப் போய்விடுகிறது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

பனிப்புயல் வருகிறது என்று எங்களை வேளைக்கே விட்டார்கள். தயா அன்ரி, மாமாவின் மனைவி, முதியோர் இல்லத்தில் பகல் வேலை, அவருடைய கார் முற்றத்தில் இல்லை. பக்கப் படியால் இறங்கினேன். எங்கள் கதவின் கண்ணாடிக்குள்ளால் மாமாவின் சப்பாத்து தெரிந்தது. எங்கள் கால்மிதியில், எங்கள் பக்கம்.

அம்மாவின் குரல் கேட்டது. “அண்ணை, பிள்ளை வாற நேரம்.”

“நான் இப்ப ஒண்டும் கேக்கேல்லை. நொமினேசன் முடியட்டும். பிறகு நீ எனக்கொரு பதில் சொல்ல வேணும். மனுசன் வந்து சேர வேணுமெல்லோ உனக்கு?”

நான் இரண்டு படி திரும்ப ஏறி, பூட்சைப் படியில் அடித்து அடித்துப் பனி தட்டினேன். பனி அவ்வளவு இல்லை. மாமா வெளியே வந்து என் தலையைத் தடவி, நல்லாப் படிக்க வேணும் என்ன, என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன பதில் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. வாடகை பற்றியதாக இருக்கும்.

இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காயும். அம்மா சாப்பிடவில்லை.

பெப்ரவரி 14, சனி

அவர் வென்றால் என்ன நடக்கும் என்று எழுதப் பார்த்தேன். எழுதி வெட்டிவிட்டேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

பாட வேலைக்காக, இப்போதுள்ள எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் பீற்சாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. லொரெய்ன் என்று ஒருவர் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கடைசியில், பாட வேலையில் இல்லாத ஒன்றையும் கேட்டேன். ஒருவருடைய அப்பா வெளிநாட்டில் இருந்தால், எம்.பி. நினைத்தால் அவரைச் சீக்கிரம் கூப்பிட முடியுமா?

அவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக விளக்கினார். தொகுதியில் குடியிருக்கும் யாரும் வந்து கேட்கலாம், யாருக்கு வாக்களித்தாலும், வாக்கே இல்லாவிட்டாலும். கோப்பு வரிசையில் எங்கே நிற்கிறது என்று இந்த அலுவலகம் விசாரித்துச் சொல்லும். ஆனால் எந்த எம்.பி.யாலும் ஆளை வரிசையில் முன்னுக்குக் கொண்டுபோக முடியாது. முடியும் என்று யாராவது சொல்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அம்மா மாவு குழைக்கும்போது இதைச் சொன்னேன். அவருடைய கை நின்றது.

“ஆரிட்டயும் சொன்னனியோ?”

இல்லை என்றேன். அவர் திரும்பவும் குழைக்கத் தொடங்கினார். மாவு எப்போதோ பதமாகிவிட்டது. அப்படியும் குழைத்துக்கொண்டே இருந்தார்.

பெப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

லோரன்ஸ் வீதி அடுக்குமாடியின் பொது மண்டபத்தில் மாமா கூட்டம் வைத்தார். அம்மா சேர்த்த வயதானவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரோல்ஸ், வடை, தேத்தண்ணி. மாமா தன் பேச்சில் எப்படி வாக்களிப்பது என்றும் சொன்னார். ஐந்து பேர் நிற்கிறார்கள். தன் பெயருக்கு நேரே ஒன்று என்று இலக்கம் போட வேண்டும். வேறு இரண்டு பேரோடு தனக்கு உடன்பாடு, அவர்களுக்கு இரண்டு, மூன்று போட வேண்டும். அவர்களுடைய ஆட்களும் தன்னை இரண்டாவதாகப் போடுவார்கள். மார்சியா என்ற ஆஸ்பத்திரி நேர்சுக்கு மட்டும் ஒன்றும் போடக்கூடாது, அவர்தான் கடும் போட்டி. இதைச் சொல்லும்போது பாதிப்பேர் வடை எடுக்க எழுந்துவிட்டார்கள். மாமாவுக்கு அடுத்த கட்டடத்திலும் கூட்டம் இருந்தது. மிச்சத்தை ஆரபி வடிவாச் சொல்லித் தருவாள் என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் மாதிரித் தாளைத் தூக்கிப் பிடித்தேன். தொடங்கவில்லை, அதற்குள் முன்வரிசையில் இருந்த பரராசசிங்கம் ஐயா கையை உயர்த்தினார். அவர் சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்தவர், கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார்.

“பிள்ளை, எங்களுக்கு வாக்குப் போடப் பழக்கப் போறியோ? நீ பிறக்க முந்தியே எத்தினை எலெக்சன் கண்டாச்சு. மூண்டு பேருக்கு மூண்டு புள்ளடி. விருப்பு வாக்கு. அங்கத்தையப் போலதானே?”

எல்லாரும் சிரித்தார்கள். அதுதானே, அதுதானே என்றார்கள்.

அங்கே, இலங்கையில், அப்படித்தான். அம்மா சொல்லியிருக்கிறார். கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, பிறகு பிடித்த மூன்று வேட்பாளர்களுக்கு ஆளுக்கொரு புள்ளடி. மூன்றுக்கும் ஒரே மதிப்பு. ஆனால் இங்கே இலக்கம் போட வேண்டும். சுற்றுச் சுற்றாக, குறைந்த வாக்கு எடுத்தவரை விலக்கி, அவருடைய தாள்களை அடுத்த இலக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். ஒரு புள்ளடி மட்டும் என்றாலாவது அதை முதல் விருப்பம் என்று எடுப்பார்கள். மூன்று புள்ளடி போட்டால் யார் முதலாவது என்று தெரியாது, அந்தத் தாள் செல்லாது. ஒகாஃபோர் சேர் வகுப்பில் மாதிரி வாக்கெடுப்பு வைத்து இதைக் காட்டியிருந்தார்.

எனக்கு இதெல்லாம் தெரியும். தாள் என் கையில் இருந்தது. எனக்கு அந்தச் சப்பாத்து ஞாபகம் வந்தது.

“ஓம் ஐயா,” என்றேன். “அங்கத்தையப் போலதான்.”

அம்மா பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுகிற சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு சீனி போட்டுக் கலக்கினார்.

பெப்ரவரி 25, புதன்

எல்லாரையும் ஃபோனில் எடுத்து நினைவூட்டச் சொல்லி மாமா உத்தரவு. மேலே அவருடைய சாப்பாட்டு மேசையில் இருந்து எடுத்தேன், அவர் எதிரே இருந்தார். பஸ் வரும் நேரம், கொண்டுவர வேண்டிய அடையாள அட்டை, இவற்றை மட்டும் சொன்னேன். புள்ளடி பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார். அம்மா சேர்த்தவர்களில் ஒருவரான செல்லம்மா அன்ரி. ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட வேண்டும் என்று மருமகன் சொல்கிறாராம், எது சரி என்று கேட்டார். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்டைக்குச் சொன்ன மாதிரித்தான் அன்ரி,” என்றேன்.

மாமா சிரித்தார். கெட்டிக்காரி என்றார். கைகழுவும் அறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

பெப்ரவரி 28, சனி

நாளைக்கு. அம்மா என் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினார். பிறகு ஏற்கெனவே அயர்ன் பண்ணிய சட்டைகளையும் எடுத்துப் பண்ணினார்.

செல்லம்மா அன்ரிக்கு எடுத்து உண்மையைச் சொல்லலாமா என்று ஃபோனை எடுத்தேன். ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. வைத்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. மேடையில் யாருடையதோ வரவேற்பு அலங்காரம் இன்னும் கழற்றாமல் இருந்தது. மாமாவின் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பரராசசிங்கம் ஐயா அதே சூட். செல்லம்மா அன்ரி பட்டுச்சேலை, அதற்குக் கீழே பனிப் பூட்ஸ். கனடாவில் இதுதான் தன் முதல் வாக்கு என்று வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் தந்தார்.

எனக்கும் ஒரு தாள் தந்தார்கள். மறைப்புக்குள் போனேன். மார்சியாவின் பெயருக்கு நேரே ஒன்று போட்டேன். அவசரத்தில் அது ஏழு மாதிரி வந்துவிட்டது. திரும்பவும் அழுத்தி நேராக்கினேன்.

எண்ணும்போது மேசையைச் சுற்றித் தகராறு. மாமாவின் ஆள் ஒருவர் ஓடிவந்து அவருடைய காதில் ஏதோ சொன்னார். மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. கடைசிச் சுற்றில் மார்சியா அவரை அறுபத்தொரு வாக்கால் வென்றார். செல்லாத தாள்கள் நூற்றுப் பதினெட்டு.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மாமாவின் காரில் வந்திருந்தோம், பஸ்ஸில் திரும்பினோம். தரிப்பிடத்து வாங்கில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

மார்ச் 2, திங்கள்

பள்ளிக்குப் போக அம்மா விடவில்லை. காலையில் கதவில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை, இன்று அம்மா கதிரையை எடுக்காமல் விட்டிருந்தார். வெளியே இருந்து தள்ளினார்கள். கதிரைக் கால் நிலத்தில் கீறிக்கொண்டு நகர்ந்தது. பிறகு தயா அன்ரியின் குரல், திறவுங்கோ, கதைக்க வேணும் என்று. அம்மா கதிரையை எடுத்தார்.

மாமா சப்பாத்தோடு உள்ளே வந்தார்.

“நூற்றுப் பதினெட்டுத் தாள். எல்லாத்திலயும் மூண்டு மூண்டு புள்ளடி. ஆர் சொல்லிக் குடுத்தது?”

நான் வாயைத் திறந்தேன்.

“நான்,” என்றார் அம்மா.

“நீ? அங்க ரீச்சரா இருந்தனி. எலெக்சன் டியூட்டி பார்த்தனி. உனக்குத் தெரியாதோ?”

“தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்.”

மாமா குரலைத் தாழ்த்தினார். “இனி உன்ர மனுசன் வருவான் எண்டு நினைச்சுக்கொண்டிராதை.”

“அவர் வரிசையில நிக்கிறார் அண்ணை. வரேக்க வருவார்.”

தயா அன்ரி மாமாவைத் தாண்டி உள்ளே வந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். தயா அன்ரி கதிரையைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் நிலத்தைப் பார்த்தார். அங்கே இன்றைய கீறல் மட்டும் இல்லை. கதிரைக் கால் ஒவ்வொரு இரவும் உரசி உரசி வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. அவர் குனிந்து அவற்றைக் கையால் தடவினார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

“இந்தத் திறப்பு ஏன் உங்கட கொத்தில கிடக்கு?” என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா ஏதோ சொல்லத் தொடங்கினார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கீழேதான் இருக்கிறது, பில்ரர் மாற்ற என்றார். தயா அன்ரி கையை நீட்டியபடியே நின்றார். மாமா கொத்திலிருந்து திறப்பைக் கழற்றக் கனநேரம் எடுத்தது. நகம் வெட்டியிருந்தார் போல, வளையம் விரியவில்லை. தயா அன்ரி அதை வாங்கி எங்கள் மேசையில் வைத்தார். மாத முடிவு வரைக்கும் இருங்கோ, அதுக்குப் பிறகு இஞ்ச இருக்க வேண்டாம் என்றார். அது எங்கள் மேல் கோபமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் போனபிறகு நான் அழுதேன். நான்தானே சொன்னது, ஏன் பொய் சொன்னீங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“நீ ஓம் எண்டு சொல்லேக்க நான் பின்னால நிண்டனான். மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை,” என்றார் அம்மா. “அப்ப அது நான் சொன்னதுதான்.”

மார்ச் 5, வியாழன்

அம்மா வேலைக்கு அரைநாள் லீவு போட்டு லொரெய்னிடம் வந்தார். அப்பாவின் கோப்பு பற்றி விசாரிக்க ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தார். நான் மொழிபெயர்த்தேன். இன்னும் ஒரு வருடமாவது எடுக்கலாம் என்றார் லொரெய்ன். அம்மா தலையாட்டினார். மூன்று மாதம் என்று கேட்டபோது இருந்ததைவிட முகம் அமைதியாக இருந்தது.

மார்ச் 21, சனி

புதிய இடத்துக்கு வந்துவிட்டோம். ரேக் எவே சாப்பாட்டுக் கடையில் அம்மாவோடு வேலை செய்யும் அக்கா ஒருவரின் வீட்டில் ஒரு அறை, சமைக்கும் குசினி பொது. அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. அம்மா அதை இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்தார். அப்பா ஃபோனில் ஏன் வீடு மாறினீர்கள் என்று கேட்டார். இந்த இடம் வேலைக்குக் கிட்ட என்று அம்மா சொன்னார். கிட்டத்தான்.

மார்ச் 24, செவ்வாய்

பஸ்ஸில் பரராசசிங்கம் ஐயாவைக் கண்டேன். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அவர் பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்து என்னை இருத்தினார். அன்றைய கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

“நாங்கள் எல்லாரும் ஒழுங்காத்தான் போட்டனாங்கள், பிள்ளை. நீ சொன்ன மாதிரியே. எண்ணினவங்கள்தான் ஏதோ விளையாடிப் போட்டாங்கள். அங்கயும் இப்பிடித்தான், இஞ்சயும் இப்பிடித்தான்.” பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, செல்லம்மா இனி ஒரு வாக்கும் போட மாட்டாவாம் என்றார்.

நான் இறங்குவதற்கான மணிக்கயிற்றை இழுத்தேன். என் தரிப்பிடம் வந்தது. கவனமாப் போ பிள்ளை என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மேசையில் இருந்தார். நாளைக்குச் செல்லம்மா அன்ரியிடம் போய்க் கதைக்கப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

பிறகு மேசையில் அட்டையை விரித்தேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். முதற்கட்சி வென்ற வருடங்களுக்கு ஒரு நிறம், தோற்ற ஒரே வருடத்துக்கு வேறு நிறம், எல்லாம் முடிந்திருந்தது. வடிவாக இருந்தது. திரும்பவும் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு வருடத்துக்கும் அடியில் விட்டுவைத்த செல்லாத வாக்குகளின் எண்ணைத் தேடி எடுத்து எழுதத் தொடங்கினேன். இருநூற்றுச் சொச்சம். முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு தேர்தலிலும் யாரோ பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இடம் போதவில்லை. ஓரத்தில் சின்னதாக எழுதினேன். அம்மா விளக்கை அணைக்கவில்லை.